வாரியத்துக்கும் ஒரு கெடு

டெக்சாஸ் மாநிலச் சட்டத் தொகுப்பில், வழக்கறிஞர் உரிமம் பற்றிய அத்தியாயத்தில் ஒரு சிறு பிரிவு இருக்கிறது. சட்டமன்றம் ஆயுளை நீட்டித்தால் ஒழிய, சட்டத் தேர்வாளர் வாரியம் 2029 செப்டம்பர் 1 அன்று ஒழிந்துபோகும் என்பது அதன் சாரம். அந்த வாரியம் ஏதோ தவறு செய்துவிட்டது என்பதற்கான தண்டனை அல்ல இது. ஒரு அமைப்புக்கு ஆயுள் கொடுக்கும்போதே அதன் முடிவு நாளையும் எழுதிவைப்பது அங்கே வழக்கம். கடைசியாக 2017இல் ஆயுள் நீட்டினார்கள். அடுத்த கெடு 2029.

டெக்சாஸில் லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். புதிதாக அந்தத் தொழிலுக்குள் வர நினைக்கும் எவரும் இந்த வாரியத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். மாநில உச்ச நீதிமன்றம் நியமிக்கும் ஒன்பது பேர் அதில் இருக்கிறார்கள். ஒன்பது பேரும் வழக்கறிஞர்கள். தேர்வு நடத்துவது அவர்களுடைய பாதி வேலை. மீதிப் பாதி இன்னும் கடினமானது: விண்ணப்பித்தவர் நல்லொழுக்கம் உடையவரா, தொழிலுக்குத் தகுதியானவரா என்று பார்த்து நீதிமன்றத்துக்குச் சொல்வது. பழைய வழக்குகள், கட்டாத கடன், கல்லூரியில் எடுத்த ஒழுங்கு நடவடிக்கை, வேலையிலிருந்து நீக்கப்பட்டது, குடிப்பழக்கம் என்று ஒருவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த மேசைக்கு வருகிறது.

பிறருடைய ஒழுக்கத்தை எடைபோடும் வேலையில் இருப்பவர்களிடம், ‘நீங்கள் ஏன் தொடர்ந்து இருக்க வேண்டும்?’ என்று கேட்பது சரிதானா? சரியென்றால், கேட்க வேண்டியவர் அரசாங்கமா? டெக்சாஸ் இதை நிர்வாக நடைமுறையாக மட்டும் பார்க்கிறது. எனக்கு இது அறம் சார்ந்த கேள்வியாகவும் படுகிறது.

நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1976இல் கொலராடோ மாநிலம் அமெரிக்காவின் முதல் ‘சன்செட்’ சட்டத்தைக் கொண்டுவந்தது. பொழுது சாய்வதைப் போல, குறித்த நாளில் ஒரு அரசு அமைப்பு தானாகவே முடிவுக்கு வரும் என்பது அதன் பொருள். அடுத்த ஆண்டு டெக்சாஸ் அதைப் பின்பற்றியது. அங்கே இதற்கென்றே ஒரு ஆணையம் உண்டு: ஐந்து செனட்டர்கள், ஐந்து பிரதிநிதிகள், பொதுமக்கள் தரப்பில் இருவர். பெரும்பாலான அமைப்புகளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முறை வரும். அமைப்பு தன்னைப் பற்றித் தானே ஒரு மதிப்பீட்டு அறிக்கை தர வேண்டும். ஆணையத்தின் ஊழியர்கள் அதைச் சோதித்துத் தங்கள் அறிக்கையை வெளியிடுவார்கள். பிறகு பொது விசாரணை நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். கடைசியில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற வேண்டும். நிறைவேறாவிட்டால் அமைப்பு இல்லை. கணக்கு வழக்குகளை முடித்துக்கொள்ள ஓராண்டு அவகாசம், அவ்வளவுதான்.

இதில் புரட்சிகரமாக எதுவும் இல்லை என்று தோன்றலாம். ஆனால் ஒரு முக்கியமான இடமாற்றம் இதில் நடக்கிறது. சாதாரணமாக ஒரு அரசு அலுவலகத்தை மூட வேண்டுமென்றால், மூடச் சொல்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். அலுவலகம் சும்மா இருந்தால் போதும், நிலைத்துவிடும். சன்செட் முறையில் சும்மா இருந்தால் சாவு. வாழ விரும்பும் அலுவலகம்தான் பேச வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறுகிறது.

இந்தச் சுமை எப்படிப்பட்டது என்பது புலம்பெயர்ந்த நமக்கு நன்றாகவே தெரியும். விசா முத்திரைக்காகப் பாஸ்போர்ட்டைச் சென்னைத் தூதரகத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பும் விமானத்துக்கு நாள் எண்ணியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பட்ட பாட்டை அகதி விசாரணையில் தேதி பிசகாமல் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வரிசையில் நிற்கும்போது எதிரே இருப்பவர் ஒன்றும் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் மௌனமாக இருந்தாலே அது மறுப்பு. நாம்தான் பேச வேண்டும். நம் தாள்கள்தான் பேச வேண்டும். நம்மில் பலருடைய வாழ்க்கை காலாவதித் தேதிகளால் ஆனது. அந்தத் தேதி, நம்மை எடைபோடும் அலுவலகத்துக்கும் உண்டு என்று அறியும்போது ஒரு சின்ன திருப்தி வருவதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் திருப்தி வாதம் ஆகாது. வாதத்தைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

வாசல்காப்பவர் செய்யும் தவறுகளின் தன்மையிலிருந்து அந்த வாதம் பிறக்கிறது என்று நினைக்கிறேன். உரிமம் தரும் வாரியம் இரண்டு விதமாகத் தவறலாம். வர வேண்டியவரைத் தடுக்கலாம். தடுக்க வேண்டியவரை விட்டுவிடலாம். இரண்டிலும் அடிபடுபவர்கள் வாரியத்தின் கண்ணில் படுவதே இல்லை.

முதல் வகைக்கு ஒரு பழைய உதாரணம் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. ஹாங் யென் சாங் 1872இல் சீனாவிலிருந்து சிறுவனாகப் படிக்க வந்தவர். யேல் பல்கலைக்கழகத்திலும் கொலம்பியா சட்டக் கல்லூரியிலும் படித்து, 1888இல் நியூயார்க்கில் வழக்கறிஞரானார். கலிஃபோர்னியாவில் உரிமம் கேட்டபோது, 1890இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது. சீனர்கள் குடிமக்களாக முடியாது, குடிமகன் அல்லாதவர் வழக்கறிஞராக முடியாது என்பது காரணம். அவர் 1926இல் இறந்தார். சட்ட மாணவர்களும் பேராசிரியர்களும் எடுத்த முயற்சியால் 2015இல் அதே நீதிமன்றம் அவருக்கு உரிமம் வழங்கியது. இடையில் 125 ஆண்டுகள். சட்டம் தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்லவில்லை. தடை அவருடைய திறமையில் இல்லை, வாசலில்தான் இருந்தது. அந்த வாசலை யாரும் தாமாக முன்வந்து ஆராயவில்லை. குடியுரிமை நிபந்தனை நாடு முழுவதும் செல்லாததாக 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் உரிமம் மறுக்கப்பட்ட கிரிஃபித்ஸ் என்ற நெதர்லாந்துக் குடிமகள் வழக்குத் தொடுத்து, நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றார். பச்சை அட்டையோடு இன்று அமெரிக்க நீதிமன்றங்களில் வாதாடும் எவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் எத்தனை பேரால் அப்படி வழக்காட முடியும்? மற்றவர்கள் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விடுவார்கள். வாரியத்தின் கோப்பில் அவர்களுடைய வாழ்க்கை ஒரு மறுப்புக் கடிதத்தோடு முடிந்துவிடும்.

இரண்டாவது வகைத் தவறும் கலிஃபோர்னியாவிலேயே நடந்தது. டாம் ஜிரார்டி லாஸ் ஏஞ்சலஸின் புகழ்பெற்ற வழக்கறிஞர். 2018இல் இந்தோனேஷியாவில் லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். அவர்களில் சிலருடைய மனைவி மக்களுக்குக் கிடைத்த இழப்பீட்டில் இருபது லட்சம் டாலருக்கும் மேலான தொகை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று 2020இல் சிகாகோ நீதிமன்றத்தில் தெரியவந்தது. அதன்பிறகுதான் கலிஃபோர்னியா வழக்கறிஞர் அமைப்பு தன் கோப்புகளைத் திறந்தது. நாற்பது ஆண்டுகளில் அவர்மீது இருநூறுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தன. உரிமம் மட்டும் கறைபடாமல் இருந்தது. 2022இல் உரிமம் பறிக்கப்பட்டது. 2024இல் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பானது. புகார் எழுதியவர்களில் பலர் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருந்திருக்கலாம். தன் புகார் மட்டும்தான் கிணற்றில் போட்ட கல் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கக்கூடும்.

தவறாகத் தடுக்கப்பட்டவரும் வெளியே நிற்கிறார். ஏமாற்றப்பட்ட கட்சிக்காரரும் வெளியே நிற்கிறார். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் வாசலைக் கடந்து வந்தவர்கள். அவர்களுக்கு வாசல் சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. இதற்குக் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை. கெட்ட எண்ணமும் சில நேரம் சேரும் என்பது வேறு. வட கரோலினாவில் பல் மருத்துவர்கள் நிரம்பிய பல் மருத்துவ வாரியம், பல்லை வெண்மையாக்கும் மலிவுக் கடைகளை மூடச்சொல்லிக் கடிதம் அனுப்பியது. தொழிலில் இருப்பவர்களே ஒரு வாரியத்தை ஆளும்போது, அரசின் உண்மையான கண்காணிப்பு இல்லாவிட்டால், போட்டிச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. வெளியே நிற்பவர்கள் தாமாகக் கதவைத் தட்டுவார்கள் என்று காத்திருக்க முடியாது. கதவை உள்ளிருந்தே திறக்கவைக்கும் ஒரு தேதி வேண்டும். கெடுவுக்கான என் வாதம் இதுதான்.

இந்த வாதம் நம் வீடுகளுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளில் சட்டம் படிப்பவர்கள் பெருகிவருகிறார்கள். மன அழுத்தத்துக்கோ மனச்சோர்வுக்கோ சிகிச்சை எடுத்ததுண்டா என்று உரிம விண்ணப்பங்களில் கேட்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2014இல் 15 சட்டக் கல்லூரிகளில் நடந்த ஒரு ஆய்வில், உதவி தேவைப்பட்டும் நாடாத மாணவர்கள் பலர் சொன்ன காரணங்களில் ஒன்று, உரிமம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். அதே ஆண்டு, லூசியானா மாநில உச்ச நீதிமன்றம் தன் விண்ணப்பதாரர்களின் மனநோய்ப் பெயர்களைக் கேட்டு நிபந்தனை போட்டதில் மத்திய நீதித்துறை தலையிட்டு ஒரு உடன்பாட்டுக்கு வந்தது. மருத்துவரிடம் போன மாணவி கேள்விக்குள்ளாகிறாள். போகாமல் உள்ளுக்குள் நொறுங்கும் மாணவி சுத்தமான விண்ணப்பத்தோடு வருகிறாள். கட்சிக்காரரைக் காப்பதற்காக எழுதிய கேள்வி, உதவி தேடுவதையே குற்றமாக்கிவிடுகிறது. மனநோயை வீட்டுக்குள்ளேயே பொத்திவைக்கும் நம் சமூகத்துக்கு, பொத்திவைப்பதற்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

டெக்சாஸ் சட்டத்தில் ஒரு நல்ல அளவுகோல் உண்டு. ஒருவருடைய குணக்குறையைக் காட்டி உரிமத்தை மறுக்க வேண்டுமானால், அந்தக் குறைக்கும் அவர் கட்சிக்காரருக்குத் தீங்கு செய்யவோ, நீதி வழங்கலைக் குலைக்கவோ, தொழில் விதிகளை மீறவோ கூடும் என்பதற்கும் இடையே தெளிவான, அறிவுக்கு ஒத்த தொடர்பு இருக்க வேண்டும். இதே அளவுகோலை வாரியத்தின் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். அது கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும், அது காக்க வேண்டிய மக்களுக்கும் தெளிவான தொடர்பு உண்டா? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது கடுமையான நிபந்தனை அல்ல.

இப்போது எதிர்வாதம். இது லேசானதல்ல. வழக்கறிஞர் என்பவர் அரசாங்கத்தை எதிர்த்தும் நிற்க வேண்டியவர். அவருக்கு உரிமம் தரும் அமைப்பின் ஆயுள் அரசியல்வாதிகள் கையில் இருக்கலாமா? சீனாவில் வழக்கறிஞர்கள் ஆண்டுதோறும் ஒரு மதிப்பீட்டைத் தாண்ட வேண்டும். மனித உரிமை வழக்குகளை எடுத்தவர்களுக்கு அந்தப் புதுப்பித்தல் தாமதமாவதும் மறுக்கப்படுவதும் அங்கே நடந்திருக்கிறது. பெலாரூஸில் 2020 தேர்தலுக்குப் பிறகு, எதிர்க்கட்சியினருக்காக வாதாடிய வழக்கறிஞர்கள் பலர் உரிமம் இழந்தார்கள். புதுப்பித்தல் என்ற சொல்லுக்குள் ஒரு கத்தி மறைந்திருக்கிறது. அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அறுவையா கொலையா என்பது முடிவாகும்.

டெக்சாஸிலும் அந்தக் கத்தி ஒருமுறை பளிச்சிட்டது. 2017இல் வழக்கறிஞர் வாரியத்தின் மசோதா பிரச்சினையில்லாமல் நிறைவேறியது. ஆனால் அதே கூட்டத்தொடரில், மருத்துவ வாரியம் உள்ளிட்ட ஐந்து வாரியங்களின் ஆயுளை நீட்டும் மசோதா, திருநர் கழிவறைப் பயன்பாடு பற்றிய மசோதாவையும் சொத்துவரியையும் சுற்றி நடந்த இழுபறியில் சிக்கி நிறைவேறாமல் போனது. ஜூலையில் ஆளுநர் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டித்தான் அந்த வாரியங்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மருத்துவ வாரியம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் அந்தச் சண்டைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 2019இல் குழாய் வேலை செய்பவர்களுக்கு உரிமம் தரும் வாரியத்தின் மசோதா கடைசி நேரத்தில் தோற்றது. ஹார்வி புயலுக்குப் பிந்தைய மறுசீரமைப்பைக் காரணம் காட்டி, ஆளுநர் தன் பேரிடர் அதிகாரத்தால் அதை 2021 வரை உயிரோடு வைத்தார். கணக்குக் கேட்பதற்காக வைத்த தேதி, பேரத்துக்கான பிணைக்கைதியாக மாறிவிடலாம்.

என் பிழைப்பான கணினித் துறையில் இதே சிக்கலின் சிறு வடிவம் உண்டு. ஒரு இணையதளம் உண்மையானதுதான் என்பதற்குச் சான்றிதழ் தருகிறார்கள். அதற்குக் காலாவதித் தேதி உண்டு. ஒருமுறை நம்பினோம் என்பதற்காக என்றென்றும் நம்பக் கூடாது என்பது தத்துவம். ஆனால் புதுப்பிக்க மறந்தால் தண்டனை யாருக்கு? மறந்த நிர்வாகிக்கு அல்ல. அன்றைக்குப் பணம் கட்டவோ மருந்து வாங்கவோ வந்த பயனாளருக்கு. அடுத்து, இந்தச் சான்றிதழ்களின் ஆயுளை 2029க்குள் 47 நாட்களாகக் குறைக்க உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் தருபவர்களும் 2025இல் முடிவெடுத்திருக்கிறார்கள். அவ்வளவு அடிக்கடி மனிதர் செய்ய முடியாது, நிரல்தான் செய்யும். இயந்திரத்துக்கு இயந்திரம் சான்று சொல்வதில் அது சரிதான். மனித அமைப்புகளில் அடிக்கடி வரும் புதுப்பித்தல் சடங்காகிவிடும். கலிஃபோர்னியா வழக்கறிஞர் அமைப்பு உரிமக் கட்டணம் வசூலிக்க ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் அனுமதி வேண்டும். ஜிரார்டி மீதான புகார்கள் குவிந்துகொண்டிருந்த ஆண்டுகளிலும் அந்த நடைமுறை இருந்தது. எத்தனை முறை கேட்கிறோம் என்பதைவிட, எதைக் கேட்கிறோம், பதிலை யார் படிக்கிறார்கள் என்பது முக்கியம்.

ஆகவே கெடு வேண்டும். ஆனால் அதற்கு மூன்று வரம்புகள் வேண்டும் என்பது என் முடிவு. முதலாவது, பரிசீலனை வாரியம் வேலை செய்யும் முறையைப் பற்றியதாக இருக்க வேண்டும்: எவ்வளவு நாள் எடுக்கிறது, காரணம் சொல்லி மறுக்கிறதா, மேல்முறையீடு நிஜமாகவே எட்டக்கூடியதா, கேள்விகளுக்கு நோக்கம் உண்டா. குறிப்பிட்ட ஒருவருக்கு ஏன் உரிமம் கொடுத்தாய், ஏன் மறுத்தாய் என்று சட்டமன்ற உறுப்பினர் கேட்கத் தொடங்கும் நாளில் கண்காணிப்பு முடிந்து பழிவாங்கல் தொடங்குகிறது. மறுக்கப்பட்டவர் டெக்சாஸில் டிராவிஸ் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போகலாம். தனிமனித வழக்குகளின் இடம் அதுதான்.

இரண்டாவது, கெடு தவறினால் அடி வாரியத்தின் மீது விழ வேண்டும். சட்டமன்றம் சண்டை போட்டுக்கொண்டு மசோதாவைத் தவறவிட்டால், ஏற்கெனவே உரிமம் உள்ளவர்களும் பரிசீலனையில் இருக்கும் விண்ணப்பங்களும் பாதிக்கப்படக் கூடாது. வாரியத்தின் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்குத் திரும்பட்டும், உறுப்பினர்கள் பதவி இழக்கட்டும். அப்போது சாகும் தேதியைக் காட்டிப் பேரம் பேச அரசியல்வாதிக்கு ஆதாயம் இருக்காது. 2017இல் ஐந்து வாரியங்களைப் பணயமாக்க முடிந்ததற்குக் காரணம், அவை விழுந்தால் நோயாளிகளும் சேர்ந்து விழுவார்கள் என்பதுதான்.

மூன்றாவது, வாரியத்துக்குள்ளேயே வழக்கறிஞர் அல்லாத சிலர் உட்கார வேண்டும். ஒன்பது வழக்கறிஞர்கள் மட்டுமே இருக்கும் அறையில், வழக்கறிஞரால் ஏமாற்றப்படுவது எப்படி இருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல ஆள் இருப்பது அரிது. தேர்வுத்தாளைத் திருத்த அவர்கள் தேவையில்லை. ஒருவருடைய நல்லொழுக்கத்தைப் பேச, சட்டப் பட்டம் எப்போது தேவையாயிற்று?

2029 ஜனவரியில் டெக்சாஸ் சட்டமன்றம் கூடும். அதற்கு முன்பே வாரியத்தின் சுய மதிப்பீடும் ஆணைய ஊழியர்களின் அறிக்கையும் வந்திருக்கும். பொது விசாரணையும் நடந்திருக்கும். இப்படிப்பட்ட விசாரணைகளுக்குத் தொழில் சங்கங்கள் தவறாமல் ஆள் அனுப்பும். ஹூஸ்டனிலும் டாலஸிலும் ஆஸ்டினிலும் இருக்கும் நாமும் போகலாம். இந்தியாவில் வழக்கறிஞராக இருந்து, இங்கே எல்எல்எம் முடித்துத் தேர்வெழுதக் காத்திருக்கும் நண்பர் போகலாம். குடியேற்ற வழக்கில் பணத்தைக் கொடுத்துவிட்டு வழக்கறிஞரின் தொலைபேசி எடுக்கப்படாமல் நின்ற குடும்பம் போகலாம். விண்ணப்பத்தில் வரப்போகும் கேள்விக்குப் பயந்து மருத்துவரிடம் போகாத மகளின் பெற்றோர் போகலாம். பேசுவதற்குச் சில நிமிடங்கள்தான் தருவார்கள். உரிமம் பெற்றவர்களின் பெயர்கள் வாரியத்தின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. அன்றைக்குக் கேட்க வேண்டியது மற்றவர்களின் பெயர்களை.